கோட்டைக்குக் கடைசியாகப் போங்கள்: ஜப்பானியக் கோட்டை நகரம் ஒன்றை நடந்தே படிக்கும் முறை

ஒகயாமாவில் மழைநீர் வடிகாலுக்கு வரைபடம் போடுவது என் வேலை. பதினொரு வருடமாக இங்கே இருக்கிறேன். ஜப்பான் வந்த புதிதில் எல்லாரையும் போல நானும் விடுமுறை நாளில் கோட்டை பார்க்கக் கிளம்பிவிடுவேன். ரயிலில் இறங்கியதும் பஸ் பிடித்து நேரே தென்ஷுவுக்குப் போவேன். தென்ஷு என்பது கோட்டையின் நடுவே அடுக்கடுக்காகக் கூரை வைத்து எழும் மாளிகைக் கோபுரம். செங்குத்தான மரப்படிகளில் ஏறி, மேல்மாடியில் நின்று நாலு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன். அப்படி ஏழெட்டுக் கோட்டை பார்த்திருப்பேன். வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தால் எது எந்த ஊர் என்று எனக்கே தெரியாது.

மாட்சுவே என்ற ஊரில்தான் அது மாறியது. அகழிக் கரையில் உட்கார்ந்திருந்தேன். ஊரைச் சுற்றிக் காட்டும் தன்னார்வலர் ஒருவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், பக்கத்தில் வந்து நின்று, "கோட்டை பார்த்தாயிற்றா?" என்று கேட்டார். பார்த்தாயிற்று என்றேன். "சரி, அப்படியானால் நீங்கள் முடிவைப் பார்த்துவிட்டீர்கள். இன்னும் நேரம் இருந்தால் வாருங்கள், ஆரம்பத்தைக் காட்டுகிறேன்" என்றார். மூன்று மணி நேரம் நடந்தோம். அன்று அவரிடம் கற்றதையும், பிறகு நானாக ஊர் ஊராக நடந்து தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு வேண்டும். இல்லாவிட்டால் கண்ணில் படுவது எதுவும் பேசாது.

ஜப்பானிய மொழியில் இந்த வகை ஊருக்கு ஜோகாமாச்சி என்று பெயர். 'கோட்டைக்குக் கீழே உள்ள ஊர்' என்று பொருள். பழைய போர்க்காலத்தில் கோட்டைகள் மலைமேல்தான் இருந்தன. வீரர்களில் பெரும்பாலோர் தங்கள் கிராமத்தில் நிலத்தோடு இருந்தார்கள். போர் வந்தால் ஆயுதத்தோடு வருவார்கள். 16-ஆம் நூற்றாண்டில் அது மெல்ல மாறியது. எச்சிசென் நாட்டின் (அன்று ஜப்பானுக்குள் ஒவ்வொரு பிரிவுக்கும் நாடு என்றே பெயர்) அசகுரா குலத்தார் இச்சிஜோதானி என்ற பள்ளத்தாக்கில் வீரர்களையும் கைவினைஞர்களையும் ஒரே இடத்தில் குடிவைத்தார்கள். 1573-இல், ஜப்பானை ஒரே ஆட்சிக்குள் கொண்டுவரப் போரிட்ட ஓதா நொபுனாகா என்ற தலைவர் அந்த ஊரை எரித்தார். அவரே 1576-இல் அசுச்சியில் கோட்டை கட்டத் தொடங்கி, அடுத்த வருடம் அந்த ஊருக்கு ஓர் ஆணை போட்டார்: இங்கே யார் வேண்டுமானாலும் கடை போடலாம், வணிகக் குழுக்களின் தனியுரிமை செல்லாது. கோட்டை கட்டினால் மட்டும் ஊர் வந்துவிடாது, ஆளை இழுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவருக்குப் பின் வந்த தொயொதோமி ஹிதெயோஷி 1588-இல் உழவர்களிடமிருந்து வாள்களைப் பறித்தார். 1591-இல் வீரன் உழவனாகவோ வணிகனாகவோ மாறக்கூடாது, உழவன் நிலத்தை விட்டுவிட்டு வணிகத்துக்குப் போகக்கூடாது என்றார். வாள் வைத்திருப்பவன் மண்ணை விட்டு வந்து, தலைவனின் கோட்டையடியில் வீடு வாங்கி உட்கார வேண்டியதாயிற்று. அவனுக்குச் சம்பளம் அரிசிக் கணக்கில். செருப்பிலிருந்து விளக்கெண்ணெய் வரை எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதனால் விற்பவர்களும் செய்பவர்களும் பின்னாலேயே வந்தார்கள். 1600-இல் செகிகஹாரா போர் முடிந்ததும் டைம்யோக்கள், அதாவது நாட்டுத் தலைவர்கள், சீட்டு கலைப்பது போல இடம் மாற்றப்பட்டார்கள். போன இடத்தில் எல்லாம் புதுக் கோட்டை, புது ஊர். 1615-இல், செகிகஹாராவில் வென்ற தொகுகாவா குலத்தின் அரசு ஒரு நாட்டுக்கு ஒரு கோட்டை போதும் என்று ஆணையிட்டது. மற்றவை இடிக்கப்பட்டன, அங்கிருந்த ஆட்களும் மிஞ்சிய ஒரே கோட்டையின் அடிக்கு வந்து சேர்ந்தார்கள். இன்று மாகாணத் தலைநகரமாக இருக்கும் ஊர்களில் பெரும்பாலானவை அப்படி ஒரு தலைமுறைக் காலத்துக்குள் எழுந்தவைதான்.

பழகிக்கொள்ள ஓர் ஊர் வேண்டுமென்றால் நான் மாட்சுவேயைத்தான் சொல்வேன். ஷிமானே மாகாணத்தின் தலைநகரம். ஒகயாமாவிலிருந்து யாகுமோ விரைவு ரயிலில் இரண்டரை மணி நேரம். நாடு முழுவதும் பழைய தென்ஷு மிஞ்சியிருப்பது 12 இடங்களில் மட்டும். மாட்சுவே அதில் ஒன்று. அகழிகளில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. இரண்டாம் உலகப் போரில் பெரிய குண்டுவீச்சு இல்லை. முழு ஊரையும் ஒரு நாளில் காலால் நடந்து முடித்துவிடலாம்.

கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இரண்டு வரைபடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பழையது. 1644-இல் தொகுகாவா அரசு ஒவ்வொரு டைம்யோவையும் தன் கோட்டையையும் ஊரையும் படமாக வரைந்து அனுப்பச் சொன்னது. அகழியின் அகலம், ஆழம், எந்தத் தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்பது எல்லாம் அதில் உண்டு. அந்தப் படங்களில் 63 ஜப்பானின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். மாட்சுவேக்கு அதைவிடப் பழைய படமும் உண்டு. ஊரைக் கட்டிய ஹோரியோ குலத்தின் காலத்தில், 1620-க்கும் 1633-க்கும் இடையில் வரைந்தது, ஷிமானே பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. மற்றது இன்றைய வரைபடம். ஜப்பானின் நிலவரைபட நிறுவனம் இணையத்தில் வைத்திருக்கும் வரைபடத்தில் நில உயரத்துக்கு நாமே நிறம் கொடுக்கும் வசதி உண்டு. அதில் 0 முதல் 10 மீட்டர் வரைக்கும் மட்டும் நிறங்களை நெருக்கமாக வைத்துப் பாருங்கள். கோட்டைக் குன்று தீவு போல எழுந்து நிற்கும். சுற்றியுள்ள ஊர் ஏரி மட்டத்துக்கு மேல் ஒன்றிரண்டு மீட்டர்கூட இருக்காது. இந்த ஒரு படத்தை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டால் போதும், பாதி வேலை முடிந்தது.

அந்த நிறங்களைப் பார்த்ததும் எனக்கு எழுந்த கேள்வி: இவ்வளவு தாழ்வான சதுப்பில் ஏன் ஊர் கட்டினார்கள்? ஹோரியோ குலத்தாருக்கு 1600-இல் இசுமோ, ஓகி என்ற இரண்டு நாடுகளும் சேர்த்து 2,40,000 கொக்கு கிடைத்தன. ஒரு கொக்கு என்பது ஏறக்குறைய 180 லிட்டர் அரிசி, ஓர் ஆளுக்கு ஒரு வருடச் சாப்பாடு என்று கணக்கு. அவர்கள் முதலில் போய்க் குடியேறியது கஸ்ஸான் தோதா என்ற மலைக்கோட்டையில். சண்டைக்கு அருமையான இடம். ஆனால் ஆயிரக்கணக்கான வீரர் குடும்பங்களையும் அவர்களுக்குச் சோறு போடும் சந்தையையும் அந்தப் பள்ளத்தாக்கில் எங்கே வைப்பது? அரிசி மூட்டைகளை எந்த வழியாக ஏற்றி இறக்குவது? அதனால் தந்தை யோஷிஹாருவும் மகன் தடவுஜியும் ஷின்ஜி ஏரிக்கரையில் புது இடம் தேடினார்கள். தந்தைக்கு ஒரு குன்று பிடித்தது, மகனுக்குக் கமேதா குன்று பிடித்தது என்று ஊரில் சொல்கிறார்கள். 1604-இல் மகன் இறந்துபோனார். தந்தை பேரன் தடஹாருவுக்காகப் பொறுப்பை ஏற்று, மகன் சொன்ன குன்றிலேயே 1607-இல் வேலையைத் தொடங்கினார். 1611-இல் வேலை முடிந்தது. அதே வருடம் அவரும் போய்விட்டார். எனக்கு ஊரைக் காட்டிய அந்த முதியவர் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஏதோ பக்கத்து வீட்டுத் துக்கத்தைச் சொல்வது போல இருந்தது.

சரி, நடக்கலாம். கோட்டைக்கு பஸ் ஏறாதீர்கள். ரயில் நிலையத்திலிருந்தே நடை தொடங்குகிறது.

மாட்சுவே நிலையம் திறந்தது 1908-இல். கோட்டையிலிருந்து அது இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஆற்றுக்குத் தெற்கே இருக்கிறது. ஜப்பானில் கோட்டை நகரங்களின் ரயில் நிலையம் பெரும்பாலும் இப்படி ஒதுங்கித்தான் இருக்கும். ரயில் வந்தபோது ஊருக்குள் காலியிடம் இல்லை. அதனால் நிலையத்தில் இறங்கி நிற்பது என்பது, பெரும்பாலும் பழைய ஊரின் வெளிவிளிம்பில் நிற்பது. அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

அங்கிருந்து மேற்கே கொஞ்சம் நடந்தால் தெராமாச்சி. 'கோயில் தெரு' என்று பொருள். புத்தக் கோயில்கள் வரிசையாக நிற்கும். கிட்டத்தட்ட எல்லாக் கோட்டை நகரத்திலும் இப்படி ஒரு பகுதி உண்டு, அதுவும் ஊரின் ஓரத்தில். நீண்ட மதில், அகன்ற முற்றம், பெரிய கூடம்: ஆபத்துக் காலத்தில் நூற்றுக்கணக்கான வீரர்களைத் தங்கவைக்கலாம். புத்தகங்கள் இதை மட்டும்தான் சொல்லும். இடுகாட்டை வீடுகளிலிருந்து தள்ளி ஓரமாக வைக்க வேண்டும் என்ற சாதாரண ஊர்த் திட்டமும் அதில் இருக்கிறது என்பது என் எண்ணம். தெராமாச்சிக்குத் தெற்கே தென்ஜின் ஆறு. பெயர்தான் ஆறு, ஊர் கட்டும்போது வெட்டிய வெளி அகழி அது. கரையில் நின்று பாருங்கள், எவ்வளவு நேராகப் போகிறது! இயற்கை ஆறு அப்படிப் போகாது. அதற்கும் அப்பால் சாய்கா-மாச்சி. துப்பாக்கிக்குப் பேர்போன கீ நாட்டுச் சாய்காவின் பெயர் அது. துப்பாக்கி ஏந்திய காலாட்படையை அங்கே குடிவைத்தார்கள். சின்னச் சின்ன வீட்டு மனைகள், கட்டம் போட்டாற்போல் தெருக்கள். தாழ்ந்த பதவிக்காரர்கள் விளிம்பில், உயர்ந்தவர்கள் கோட்டையின் பக்கத்தில். இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டு வடக்கே திரும்புங்கள்.

ஷிரகாதா வழியாக நடந்தால் ஓஹாஷி ஆறும் அதன் மேல் மாட்சுவே பெரிய பாலமும் வரும். பாலத்தின் தென்முனையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். முதல் பாலத்தைக் கட்டியபோது தூண் ஊன்ற ஊன்ற ஆறு அடித்துக்கொண்டு போனதாம்; கடைசியில் கென்சுகே என்ற ஒருவரை உயிரோடு தூணடியில் புதைத்ததாக ஒரு பழங்கதை உண்டு. அவருக்கு அங்கே நினைவுக்கல் இருக்கிறது. இப்போதுள்ள பாலம் 1937-இல் முடிந்தது. அதைக் கட்டும்போது விபத்தில் இறந்த ஒரு பொறியாளரையும் அதே இடத்தில் நினைவுகூர்கிறார்கள். கென்சுகே கதை நடந்ததா இல்லையா என்பது வேறு. இந்த ஆற்றின் அடியில் சேறு எவ்வளவு ஆழம், தூண் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அந்தக் கதை எனக்குச் சொல்கிறது. ஒவ்வொரு தடவையும் நான் அங்கே தலை குனிந்துவிட்டுத்தான் பாலம் ஏறுகிறேன்.

பாலத்தைத் தாண்டினால் சுயெட்சுகு. இதுவும் ஷிரகாதாவும் கோட்டை வருவதற்கு முன்பே இருந்த ஊர்கள். புது ஊரின் வணிகப் பகுதி இவற்றைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தது. இங்கே பெயர்களைப் படியுங்கள். தெருமுனைப் பலகை, அஞ்சல் பெட்டி, பஸ் நிறுத்தம், எல்லாவற்றிலும் பழைய பெயர் ஒளிந்திருக்கும். சாமாச்சி என்றால் தேநீர்த் தெரு, உவோமாச்சி மீன் தெரு. கதஹரா-மாச்சி என்பது எனக்கு மிகவும் பிடித்த பெயர்: 'ஒருபக்கத் தெரு'. மறுபக்கம் அகழி என்பதால் ஒரு பக்கத்தில் மட்டும்தான் வீடு! வேறு ஊர்களில் கஜிமாச்சி கொல்லர் தெரு, கொன்யாமாச்சி சாயக்காரர் தெரு, தைகுமாச்சி தச்சர் தெரு என்று வரும். சாயக்காரர் தெருவைப் பார்த்தால் பக்கத்தில் ஓடும் தண்ணீரைத் தேடுங்கள், பெரும்பாலும் கிடைக்கும். 1962-இல் வந்த முகவரிச் சட்டம் நாடு முழுக்க இப்படிப்பட்ட பெயர்களில் ஏராளமானவற்றை எண்களுக்குள் கரைத்துவிட்டது. அது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். கனசாவாவில் மக்கள் பாடுபட்டு 1999-இல் கசுவே-மாச்சி என்ற பழைய பெயரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நாட்டிலேயே அப்படி மீண்ட முதல் பெயர் அது.

வணிகத் தெருவில் வீட்டின் முகப்பை உங்கள் அடிகளால் அளந்து பாருங்கள். முகப்பு குறுகல், உள்ளே நீளம். இதை 'விலாங்கு மீனின் படுக்கை' என்பார்கள். ஊர்க் கடமைகளும் வரியும் முகப்பு அகலத்தை வைத்துக் கணக்கிடப்பட்டன. தெருவைப் பார்த்த இடத்துக்கு எல்லாருக்கும் போட்டி. அதனால் ஆளுக்குக் கொஞ்சம். இன்றைக்கு அங்கே நிற்கும் கான்கிரீட் கட்டடங்களும் அதே மனையில்தான் நிற்கின்றன. மூன்று மாடி எழுப்பியிருப்பார்கள், அகலம் மட்டும் அந்தப் பழைய அகலம்தான்.

அடுத்து கியோபாஷி ஆறு, இதுவும் அகழிதான். இதைத் தாண்டினால் தோனோமாச்சி, வீரர்களின் பகுதி. கால்களுக்கே வித்தியாசம் தெரியும். மனைகள் திடீரென்று அகலமாகும், கடைகள் குறைந்து அலுவலகங்கள் வரும். கிழக்கே ஹொரோமாச்சி, யொனகோ-மாச்சிப் பக்கம் போய்த் தெருக்கள் எப்படி உடைகின்றன என்று பாருங்கள். நேரே போகும் தெரு ஒரு வீட்டுச் சுவரில் முட்டி, வலப்பக்கம் பத்தடி நகர்ந்து, மறுபடி நேரே போகும். இதைக் கொக்கித் தெரு என்பார்கள். நான் செய்யும் பயிற்சி இது: தெரு நடுவில் நின்று, கண்ணுக்கு எட்டும் கடைசிப் பொருளைக் குறித்துக்கொண்டு, அது வரை அடிகளை எண்ணுகிறேன். வணிகத் தெருவில் நூற்றுக்கணக்கில் வரும் எண், இங்கே சட்டென்று சுருங்கும். எதிரி நுழைந்தால் அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் எல்லா வளைவையும் எதிரியின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். சில வளைவு பழைய கிராமப் பாதை. சில வளைவு நீர் வடியும் பள்ளம். என் தொழிலில் நான் பார்த்தவரை, தெரு வளையும் இடத்தில் கீழே ஒரு பழைய வாய்க்கால் இருப்பது அபூர்வமல்ல. பையில் இருக்கும் நிறப்படத்தை எடுத்துப் பார்த்தால் எது எது என்று ஓரளவு பிரிக்கலாம்.

கால் வலித்தால் இந்த இடத்தில் அகழிப் படகில் ஏறுங்கள். 1997 முதல் ஓடுகிறது, சுமார் 3.7 கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். தாழ்வான பாலம் வரும்போது படகோட்டி சொல்வார், கூரை கீழே இறங்கும், எல்லாரும் குனிந்துகொள்வோம். அந்த நேரத்தில் பாலத்தின் அடிவயிறு முகத்துக்கு நேரே போகும். படகில் இருக்கும்போது ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள்: எந்தக் கரையில் கல் இருக்கிறது, எந்தக் கரை வெறும் மண். கோட்டையின் தெற்கிலும் கிழக்கிலும் பெரிய கற்சுவர். வடக்கே போனால் மரம் அடர்ந்த மண்கரை. கல் வெட்டி, இழுத்து வந்து, அடுக்குவது பெருஞ்செலவு. ஊரும் எதிரியும் பார்க்கும் முகத்துக்கு அந்தச் செலவு போயிருக்கிறது.

இப்போது ஷியோமி நவாதே. நிதானமாக நிற்க வேண்டிய இடம் இது.

கோட்டைக்கு வடக்கே அகழியை ஒட்டிய தெரு, பழைய பைன் மரங்கள், வீரர் வீடுகளின் கருப்பும் வெள்ளையுமான மதில்கள். 1890-இல் இங்கே ஆங்கிலம் கற்பிக்க வந்த எழுத்தாளர் லஃப்காடியோ ஹேர்ன் குடியிருந்த வீடும் இந்த வரிசையில்தான். எல்லாரும் அந்த வீட்டு வாசலில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த முதியவர் என்னைத் தெருவின் நடுப்பகுதிக்குக் கூட்டிப்போய் அகழியைப் பார்த்து நிற்கச் சொன்னார். "எதிரே என்ன?" கோட்டைக் குன்றின் சரிவு என்றேன். "திரும்புங்கள். இங்கே?" வீடுகளுக்குப் பின்னால் இன்னொரு குன்றின் சரிவு. இரண்டு கைகளையும் விரித்து, ஒரு கை ஒரு சரிவையும் மறு கை மறு சரிவையும் காட்டும்படி வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார். "இது ஒரே மலை."

கமேதா குன்றும் வடக்கே இருக்கும் குன்றும் உகயாமா என்ற மேட்டால் இணைந்திருந்தன. அந்தப் பக்கமாக எதிரி நடந்தே கோட்டைக்குள் வந்துவிடலாம். அதனால் மேட்டை வெட்டிப் பிளந்தார்கள். வெட்டிய பள்ளம்தான் நம் முன்னால் இருக்கும் அகழி. நாம் நிற்கும் தெருவும் வெட்டின தரைதான். 1607-க்கு முன் இதே இடத்தில் நின்றிருந்தால் என் தலைக்கு மேலே மண்! சரி, வெட்டிய மண் எங்கே போனது? தென்கிழக்கே, காலையில் நாம் நடந்த சதுப்பில். தோனோமாச்சியும் ஹொரோமாச்சியும் அதையொட்டிய வயல்வெளிகளும் அந்த மண்ணால் மேடாகி வீட்டு மனைகளாயின. ஒரு பக்கம் அகழி தோண்டும் வேலை, மறுபக்கம் நிலம் உயர்த்தும் வேலை. இரண்டும் ஒரே மண்வெட்டியில் முடிந்தன. எங்கள் தொழிலில் வெட்டும் மண்ணையும் நிரப்பும் மண்ணையும் சமமாக்குவதற்கு நாள்கணக்கில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்போம். மண்வெட்டியும் கூடையும் மனிதத் தோளும் மட்டும் வைத்துக்கொண்டு செய்திருக்கிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றே சொல்ல வேண்டும். அந்த முதியவர் அதைப் பார்த்தும் பார்க்காதது போல அகழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நிரப்பிய நிலம் நிரப்பிய நிலம்தான். 1972 ஜூலையில் ஷின்ஜி ஏரி பெருகியபோது தாழ்ந்த பகுதிகள் பல நாட்கள் தண்ணீரில் நின்றன. நிறப்படத்தில் அடர்ந்த நிறமாகத் தெரிந்த இடங்களை நினைத்துப் பாருங்கள்.

கோட்டைக்குள் நுழையுமுன், தெற்கே மாகாண அரசு அலுவலகம் நிற்கும் இடத்தை ஒரு பார்வை பாருங்கள். டைம்யோவின் ஆட்சி மாளிகை இருந்த மூன்றாம் வளாகம் அது. ஃபுக்குயி நகரத்திலும் மாகாண அலுவலகம் கோட்டை அகழிக்குள்ளேயே இருக்கிறது. ஆட்சி மாறினாலும் நாற்காலி போட்ட இடம் மாறவில்லை.

அப்புறம்தான் தென்ஷு. இப்போது அது வேறு மாதிரித் தெரியும். ஏறும் வழியில் கற்சுவரில் எடைக்கல் வடிவச் செதுக்கல் தெரிகிறதா என்று தேடுங்கள்; ஹோரியோ குலச் சின்னம் அது. உள்ளே அடித்தளத்தில் கிணறு இருக்கிறது. தூண்களைப் பாருங்கள்: பலகைகளைச் சுற்றிலும் ஒட்டி இரும்புப் பட்டையால் கட்டியிருப்பார்கள். படிகள் கிரி என்ற இலேசான மரத்தால் ஆனவை.

1873-இல், தொகுகாவாவுக்குப் பின் வந்த மெய்ஜி அரசு கோட்டைகளைக் கைவிட்டது. 1875-இல் மாட்சுவேயின் கட்டடங்கள் ஏலத்துக்கு வந்தன. இந்தத் தென்ஷுவுக்கு 180 யென். இடிப்பதற்காக விலைபோனதை கட்சுபே மோட்டோஎமோன் என்ற செல்வந்த உழவரும் தகாகி கொன்பாச்சி என்ற பழைய சாமுராயும் பணம் கொடுத்து நிறுத்தினார்கள். வளாகத்தில் இருந்த மற்ற கட்டடங்கள் போய்விட்டன.

அடித்தளத்தை விட்டு ஏறுமுன் ஆணித் துளைகளைத் தேடுங்கள். கோட்டை எந்த வருடம் முடிந்தது என்பதற்குக் கையில் பிடிக்கும் சான்று நெடுங்காலம் இல்லாமல் இருந்தது. 2012-இல் கோட்டை வளாகத்தில் உள்ள மாட்சுவே ஷிண்டோ கோயிலில் இரண்டு பிரார்த்தனைப் பலகைகள் கிடைத்தன. அவற்றில் 1611-க்கு உரிய ஆண்டு எழுதியிருந்தது. பலகைகளில் இருந்த ஆணித் துளையும் அடித்தளத் தூண்களில் இருந்த துளையும் சரியாகப் பொருந்தின. 2015-இல் தென்ஷு தேசியப் பொக்கிஷமானது. அந்தத் துளையின் அளவு ஒரு சுண்டுவிரல் நுனிகூட இருக்காது.

மேல்மாடிக்குப் போனதும் படம் எடுக்கும் முன் நாலு பக்கமும் பார்த்து, காலையில் நடந்த வழியை விரலால் வரையுங்கள். ஏரி, பாலம், கோயில் வரிசை, நிரப்பிய நிலம், வெட்டிய மலை. எல்லாம் அங்கே இருக்கும்.

இந்த முறை மாட்சுவேக்கு மட்டும் அல்ல. தென்ஷு இல்லாத ஊரில் இன்னும் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அவசரப்படுத்த எதுவும் இருக்காது. ஹாகியை எடுத்துக்கொள்ளுங்கள். செகிகஹாராவில் தோற்ற அணியில் இருந்த மோரி குலத்தார் 1604-இல் கடலோர ஆற்றுத்தீவில் கட்டிய ஊர். கோட்டையை 1874-இல் இடித்துவிட்டார்கள். கல் அடித்தளம் மட்டும் மிச்சம். ஆனால் பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டே இன்றும் தெருக்களில் நடக்கலாம். மண்மதிலுக்கு மேலே மஞ்சளாக எட்டிப்பார்க்கும் நாட்சுமிகான் என்ற ஆரஞ்சு வகைப் பழங்கள், சம்பளம் இழந்த சாமுராய்கள் பிழைப்புக்காகத் தங்கள் முற்றத்தில் நட்ட மரங்களின் வழிவந்தவை.

கனசாவாவுக்குப் போனால் நீரைப் பின்தொடருங்கள். 1631-இல் பெருந்தீ, அடுத்த வருடமே சாய் ஆற்றின் மேல்பகுதியிலிருந்து சுமார் 11 கிலோமீட்டருக்கு தட்சுமி வாய்க்காலை வெட்டி முடித்தார் இதாயா ஹெய்ஷிரோ. கோட்டை மேட்டில் இருக்கிறது, நடுவில் பள்ளம். குழாயைப் பள்ளத்தில் இறக்கி மறுபுறம் ஏற்றி, நீரின் அழுத்தத்தாலேயே மேலே போகவைத்தார்கள். நாகமாச்சியின் வீரர் வீடுகளின் மண்மதிலுக்குக் குளிர்காலத்தில் வைக்கோல் பாய் மாட்டுவார்கள். முடிந்தால் டிசம்பரில் போங்கள்.

என் சொந்த நடை ஒகயாமாவில்தான் அடிக்கடி. தென்ஷு 1945-இல் எரிந்துபோய், 1966-இல் கான்கிரீட்டில் எழுந்தது; அதற்காக யாரும் அவ்வளவு தூரம் வர வேண்டாம். ஆனால் ஆற்றைப் பாருங்கள். உகிதா ஹிதேயே கோட்டையைக் கட்டியபோது அசாஹி ஆற்றையே வளைத்துக் கோட்டையைச் சுற்றிப் போகவைத்தார். எதிரிக்கு அது அகழி. ஊருக்கு அது வெள்ளம். திரும்பத் திரும்ப ஊர் மூழ்க, 17-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் சுதா நகததா என்ற அதிகாரி பெருவெள்ளத்தைப் பிரித்துக் கிழக்கே கடலுக்கு விட ஹியாக்கென் என்ற வடிகால் ஆற்றை அமைத்தார். இன்றும் கனமழை பெய்தால் அசாஹி ஆற்றின் மிகைநீர் அதன் வழியாகத்தான் பிரிந்து போகிறது. திங்கட்கிழமை அலுவலகத்தில் நான் திறக்கும் வரைபடத்தில் அந்த வளைவும் இருக்கிறது, அந்த வடிகாலும் இருக்கிறது. என் குழாய்கள் அவற்றுக்கு நடுவே போகின்றன.